முழங்காற் படமும் சத்திர வைத்தியமும்

கால்பந்தாட்ட மைதானத்தில் விரைந்தோடும் இளைஞனொருவன், எவரும் தன்னைத் தீண்டாதிருக்கவும், சட்டெனத் திரும்புங்கால் முழங்காலினுள்ளே ஏதோ வெடித்தாற்போல உணர்ந்து நிலத்தில் வீழ்வதை நம் நண்பர்களிற் பலர் கண்டிருப்பர். அங்ஙனம் அறுவது பெரும்பாலும் முன் குறுக்கு நார் என்னும் சிறு பந்தமேயாம். பின்னர் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப்படுகின்றது, "நார் அறுந்தது" என்ற விடை கிடைக்கின்றது, படம் உறைக்குள் அடங்கிவிடுகின்றது. அப்படத்திற்கு இவ்வளவுதான் வேலையென்று கருதுவது பெரும் பிழையென்பது என் துணிபு.

இந்நார் தொடையெலும்பின் வெளிக்குமிழினது உட்சுவரிற் றொடங்கி, முன்னோக்கிச் சரிந்திறங்கிக் கணைக்காலெலும்பின் மேற்றளத்திற் பதிவது. நீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். ஒரே கயிறுபோலத் தோன்றினும் இதனுள் இரு கற்றைகளுண்டு. கால் நீண்டிருக்கையில் ஒன்றும், மடங்குகையில் மற்றொன்றும் மிகுதியாக இறுகும். ஆகவே பதியுமிடம் சில மில்லிமீட்டர் பிறழினும் புதிய நார் தன் தொழிலைப் பாதியே செய்யும்.

அறுந்த நாருக்கு மாற்று நார் அமைக்கும் முயற்சி புதியதன்று. இங்கிலாந்தில் ஹே க்ரோவ்ஸ் என்பார் தொடையின் புறத்துள்ள நார்ப்பட்டையைக்கொண்டு அதனைச் செய்த வகையை 1917-இல் எழுதியுள்ளார். பிற்காலத்தே, குழற்கருவியால் மூட்டினுள் நோக்கிச் செய்யும் சிகிச்சை பரவியபோது, கணைக்காலெலும்பில் இட்ட துளையினூடாகவே தொடையெலும்பையும் துளைக்கும் முறை பெருவழக்காயிற்று. எளிய முறைதான். ஆனால் மேற்றுளை பலருக்கு உரிய இடத்தினும் உயர்ந்தமைந்தமையால் நார் செங்குத்தாக நின்றது. அத்தகைய முழங்காலை வைத்தியர் கையாற் பற்றி முன்னிழுத்துப் பார்க்கையில் உறுதியாகவே தோன்றலாம். ஆட்டக்காரன் திரும்பும்போதோ மீண்டும் நழுவும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஃப்ரெடி ஃபூ என்பார், 2021-இற் காலமாகும் முன்னர், அவரவர் முழங்காலின் இயற்கையமைப்பை அளந்தே நாரை வைத்தல் வேண்டுமென்று நெடுங்காலம் வாதித்தார்.

1895-இல் ரண்ட்கன் கண்ட எக்ஸ்-கதிர் எலும்பைத் தெளிவுறக் காட்டுமேயன்றி இந்நாரைக் காட்டாது. லாட்டர்பர் 1973-இல் வெளியிட்ட காந்தப் படமுறையே அதற்கு வழி திறந்தது. அப்படத்தில் நார் பதியுமிடத்தின் நீளத்தையும், சாய்வின் கோணத்தையும், எலும்பிடைப் பள்ளத்தின் அகலத்தையும் அளக்கலாம். பதியுமிடம் ஒருவருக்கு 14 மில்லிமீட்டருக்கும் குறைவு. மற்றொருவருக்கு 18-ஐயும் கடக்கும். இவ்விருவர்க்கும் ஒரே அளவுத் துளையிடுவது, ஊரார் அனைவருக்கும் ஒரே அளவிற் செருப்புத் தைப்பதை ஒக்குமன்றோ?

"மூட்டைத் திறந்து நேரிற் காண்பேனே, படமெதற்கு?" என்பார் சிலர். மாற்று நாரைப் பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே எடுக்கின்றனர். தொடைப் பின்புறத் தசைநாண்களை அறுத்தெடுத்தபின் அவை மெலிந்தவையென்று கண்டால் என் செய்வது? 8 மில்லிமீட்டருக்கும் மெல்லிய நார் இளைஞர்க்கு மீண்டும் அறுந்துபோகும் அபாயம் மிகுதி. அத்தசைநாண்களின் பருமனையும், முழங்காற் சில்லின் மேலும் கீழுமுள்ள நாண்களின் தடிப்பையும், கத்தி எடுக்குமுன்னரே படத்திற் காணலாமே.

படத்திற்கும் குறையுண்டு. நோயாளி காலை நீட்டிப் படுத்திருக்கப் படமெடுப்பர். சிகிச்சையோ மடக்கிய காலிற் செய்வது. அறுந்த நாரின் அடி சிதைந்திருப்பின் அளவும் ஐயத்திற்கிடமாம். அப்போது நலமுள்ள மற்றைக் காலைப் படமெடுத்து ஒப்பிடுவது தகும். படம் பார்த்தறிந்ததைக் கண்ணும் கையும் திருத்தவேண்டும். கையாற் சோதியாமல் படத்தை மட்டும் நம்பிக் கத்தி எடுப்பவரை யான் ஆதரிக்கவில்லை.

ஆயினும், இச்சிகிச்சைக்குச் செல்லும் மாணவன் வைத்தியரிடம் இரண்டொரு கேள்விகளைப் பணிவுடன் கேட்கலாம்: "என் நார் பதியுமிடம் எத்தனை மில்லிமீட்டர்? எனக்கென எடுக்கும் நாண் எவ்வளவு தடிப்பு?" சிகிச்சை முடிந்தபின், துளை எங்கே அமைந்ததென்பதை மற்றொரு படத்திற் காட்டும்படியும் கேட்கலாம். அக்கால் அவனுடையது.