கேன்டீன் பெஞ்ச்: ரத்தத்துல ஒரு சாட்சி!

சனிக்கிழமை. ஓசூர்லயிருந்தோ சேலத்துலயிருந்தோ பஸ் பிடிச்சு, தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல மாறி, அரூர் பக்கம் ஊருக்குப் போறீங்க. திண்ணையில பெரியப்பா இருமிக்கிட்டு இருக்கார். ரெண்டு வருஷம் முன்னாடி டி.பி. வந்து, ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். இப்போ மூணு மாசமா இருமல், எடை குறையுது, சளியில ரத்தம் வேற. 'மறுபடியும் டி.பி.தான்'னு வீடே தீர்ப்பு சொல்லிடுச்சு.

கொஞ்சம் பொறுங்க பாஸ்! சந்தேகப்பட வேண்டிய ஆள் இன்னொருத்தர் இருக்கார். பேரு அஸ்பெர்ஜில்லஸ். ஒரு வகைப் பூஞ்சை. 1729-ல மிக்கேலிங்கிற இத்தாலியப் பாதிரியார், சர்ச்சுல தீர்த்தம் தெளிக்கிற கருவி மாதிரியே இருக்கேனு வச்ச பேர் இது. வைக்கப்போர், எருக்குழி, ஈரம் பட்ட தானியம்னு இது இல்லாத இடமில்ல. இதோட வித்துகளை நாம எல்லோருமே தினமும் சுவாசிக்கிறோம். நல்ல நுரையீரல் அதைத் துடைச்சுத் தள்ளிடும். ஆனா டி.பி. சிலருக்கு நுரையீரல்ல குழி ஒண்ணை விட்டுட்டுப் போகும். பூட்டாத காலி வீடு மாதிரி! பூஞ்சை அங்கே குடியேறிடும்.

இது கற்பனை இல்ல. உகாண்டாவுல குலு நகரத்துல டி.பி. குணமானவங்களைப் பரிசோதிச்ச ஆய்வு 2019-ல வெளியாச்சு. எக்ஸ்ரேயில குழி தெரிஞ்சவங்கள்ல 26 சதவிகிதம் பேருக்கு இந்தப் பூஞ்சை நோய் இருந்தது. குழி இல்லாதவங்கள்ல ஒரு சதவிகிதம்கூட இல்ல.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? சளியை லேப்ல வளர்த்துப் பார்த்தாலும் பல சமயம் பூஞ்சை சிக்காது. ஆனா உடம்பு அதைப் பார்த்துட்டு ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளைத் தயாரிச்சு வச்சிருக்கும். அதுதான் சாட்சி! பூஞ்சையோட புரதம் பூசின தட்டுல நம்ம ரத்தத்தோட சீரத்தை ஊத்துவாங்க. எதிர்ப்பொருள் இருந்தா ஒட்டிக்கும். அப்புறம் சேர்க்கிற ரசாயனம் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். எலிசானு சொல்றது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. ஒரே சாட்சியை வச்சுத் தீர்ப்பு எழுத முடியாது. நோய் இல்லாதவங்க ரத்தத்துலயும் இந்த எதிர்ப்பொருள் இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களுக்கு, நோய் இருந்தும் தெரியாமப் போகலாம். அதனால மூணு மாசத் தொந்தரவு, எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன், டி.பி. கிருமி இல்லைங்கிற சளி ரிசல்ட், இந்த ரத்தப் பரிசோதனை எல்லாத்தையும் சேர்த்து வச்சுத்தான் டாக்டர் முடிவு பண்ணுவார்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? டி.பி. மாத்திரை பூஞ்சையை ஒண்ணும் பண்ணாது. பூஞ்சைக்கு இட்ராகோனசோல் மாதிரி மருந்தைக் குறைஞ்சது ஆறு மாசம் சாப்பிடணும். டி.பி.க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின், அந்த மருந்தோட அளவை ரத்தத்துல பயங்கரமாக் குறைச்சிடும். ஆக, எந்த நோய்னு தெரியாம மாத்திரை போட்டா நாளும் போகும், நுரையீரலும் போகும். ரத்தக் கசிவு அதிகமானா உயிருக்கே ஆபத்து.

அதனால இந்த வாரம் ஊருக்குப் போறப்போ, பெரியப்பாவோட பழைய எக்ஸ்ரே, டி.பி. சிகிச்சை சீட்டு எல்லாத்தையும் ஒரு பைல போடுங்க. அரசு ஆஸ்பத்திரி நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க. முதல்ல சளிப் பரிசோதனை. அதுல டி.பி. இல்லைனா, "டாக்டர், பூஞ்சைக்கு ரத்தம் பார்க்கணுமா?"னு கேளுங்க.

படிச்ச புள்ளை கேட்கவேண்டிய கேள்விதானே?