பாட்டி சொன்ன இரண்டு ‘மாட்டேன்’... டோக்கியோ வரை ஓடிய சக்கிமங்கலம் ரேவதி!

மதுரைக்குக் கிழக்கே இருக்கிறது சக்கிமங்கலம். அங்கே ஒரு வீட்டில் இரண்டு சிறுமிகள். வயிற்றில் ஏதோ கோளாறு என்று படுத்த அப்பா இறந்துபோகிறார். ஆறு மாதம் கழித்து அம்மாவும் மூளைக்காய்ச்சலில் போய்விடுகிறார். மூத்தவள் ரேவதிக்கு அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. அம்மாவைப் பெற்ற பாட்டிதான் இரண்டு பேத்திகளையும் கையில் பிடித்துக்கொண்டார்.

பாட்டிக்கு வருமானம் என்றால் கூலி மட்டும்தான். அடுத்தவர் வயலில் வேலை, செங்கல் சூளையில் வேலை. மூன்று வயிறு, ஒரு ஆள் கூலி. சொந்தக்காரர்கள் யோசனை சொல்ல வந்தார்கள். பொம்பளைப் பிள்ளைகள்தானே, வேலைக்கு அனுப்பினால் நாலு காசு வருமே என்றார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. அந்த வீட்டு நிலைமைக்கு ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பாட்டி, ‘மாட்டேன்’ என்றார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகட்டும் என்று சொல்லிவிட்டு, தான் சூளைக்குப் போனார்.

இது முதல் மாட்டேன். இரண்டாவது மாட்டேன் சில வருடங்கள் கழித்து வந்தது. அதை மட்டும் ஒருவர் மாற்றினார். மாற்றாமல் விட்டிருந்தால், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடிய வீராங்கனைகள் பட்டியலில் ரேவதி வீரமணி என்ற பெயர் இருந்திருக்காது.

ரேவதி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, பள்ளிகளுக்கு இடையிலான மண்டலப் போட்டி ஒன்றில் ஓடினார். காலில் ஷூ இல்லை. முறையான பயிற்சியும் இல்லை. அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணன், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் தடகளப் பயிற்சியாளர். இந்தப் பெண் எங்கேயோ போகக்கூடியவள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஆனால், பாட்டி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பிளஸ் டூ வரை வந்தாயிற்று, இனிமேல் ஓட்டம் எதற்கு என்று நினைக்கிற வீடுகள் மதுரைப் பக்கம் நிறைய. வயசுப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருப்பது யார்? அதிலும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. ஏதாவது ஒன்று என்றால் ஊர் பாட்டியைத்தான் கேட்கும். சொந்தக்காரர்களுக்கு மாட்டேன் என்று சொன்ன அதே அக்கறைதான் இங்கேயும் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

கண்ணன் விடவில்லை. பேசிப் பேசிப் பாட்டியைச் சம்மதிக்க வைத்தார். வெறும் பேச்சோடும் நிற்கவில்லை. மதுரை லேடி டோக் கல்லூரியில் ரேவதிக்கு சீட், அங்கேயே ஹாஸ்டல் என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டார். 1948-ல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய, மதுரையின் முதல் பெண்கள் கல்லூரி அது. வீராங்கனையாக ஆக வேண்டிய பெண்ணுக்கு டிராக்குக்கு முன்னால் தேவைப்படுவது ஹாஸ்டல். பாட்டிக்கும் ஒரு பதில் கிடைத்தது. பேத்தி எங்கே இருக்கிறாள் என்று யார் கேட்டாலும் சொல்ல ஒரு முகவரி இருந்தது.

ரேவதியைப் பற்றி வந்த செய்திகள் பெரும்பாலும் ஒரு வார்த்தையைத்தான் தலைப்பில் தூக்கிப் பிடித்தன: ‘வெறுங்கால்’. 2016 வரைக்கும் அவர் வெறுங்காலில் ஓடியது உண்மைதான். தடகள விதிகளில் அதற்குத் தடையும் இல்லை. ஆனால், அதை ஏதோ வைராக்கியம் போல எழுதுவதில் நியாயம் இல்லை. ஷூ வாங்கக் காசில்லை, அவ்வளவுதான். ஓட்டக்காரர்கள் போடுகிற ஷூவின் அடியில் சின்னச் சின்ன ஆணிகள் இருக்கும். ‘ஸ்பைக்ஸ்’ என்பார்கள். காலை ஊன்றும்போது அது டிராக்கைக் கவ்விப் பிடித்து உடம்பை முன்னால் தள்ள உதவும். நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குகூடப் பதக்கத்தை மாற்றிவிடும். வெறுங்காலில் நிற்பவர், துப்பாக்கி வெடிக்கும் முன்பே எதையோ விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறார். போதாததற்கு மதுரை வெயில். சிந்தெடிக் டிராக் நண்பகலில் எப்படிச் சுடும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தால் தெரியும்.

அந்த நிலையில் இருந்தவர்தான் 2016-ல் கோவையில் நடந்த தேசிய ஜூனியர் தடகளப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் மூன்றிலும் தங்கம் வாங்கினார். அதற்குப் பிறகு ஷூ, உபகரணம், சரியான சாப்பாடு எல்லாவற்றையும் கண்ணன் பார்த்துக்கொண்டார்.

2019 வரை கண்ணனிடம் பயிற்சி. அடுத்து பஞ்சாபின் பாட்டியாலாவில் தேசிய முகாம். அங்கேதான் திருப்பம். இந்திய 400 மீட்டர் அணியின் பயிற்சியாளராக இருந்த, ரஷ்யாவில் பிறந்த கலினா புகாரினா, ரேவதியை 400 மீட்டருக்கு மாறச் சொன்னார். கண்ணனும் சரி என்றார்.

100, 200 ஓடியவருக்கு இது சின்ன மாற்றம் இல்லை. நூறு மீட்டரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தே முடித்துவிடலாம். நானூறு அப்படி இல்லை. முந்நூறு தாண்டியதும் தொடை இரும்பாகிவிடும், கை தானாகத் தொங்கும். முன்னால் தெரிகிற கோடு கிட்டே வரவே வராது. தடகளத்தில் இருப்பவர்களே பயப்படுகிற தூரம் இது. ரேவதிக்கு இது ஒத்துப்போனது. 2019-லேயே இந்தியன் கிராண்ட் ப்ரீ போட்டிகளில் 400 மீட்டர் தங்கம் வந்துவிட்டது.

டோக்கியோவுக்குப் போன கதையையும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பெண்கள் 400 மீட்டர் தனிநபர் பிரிவுக்கு ஒலிம்பிக் தகுதி நேரம் 51.35 விநாடி. ரேவதியின் ஓட்டம் 53 விநாடிகளில் இருந்தது. அந்த வாசல் திறக்காது. ஆனால், டோக்கியோவில் முதன்முறையாக ஒரு போட்டியைச் சேர்த்திருந்தார்கள். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் சேர்ந்து ஓடும் கலப்பு 4×400 மீட்டர் தொடர் ஓட்டம். 2019 தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியா இதில் இறுதிப் போட்டிக்கு வந்ததால் ஒலிம்பிக் இடம் உறுதியாகியிருந்தது. தோஹா இறுதியில் ஓடிய நான்கு பேருமே கேரளாக்காரர்கள். டோக்கியோவுக்குப் பெண்கள் யார் என்பதுதான் கேள்வி.

2021 சீசனின் தொடக்கத்தில் ரேவதிக்குக் காயம். மீண்டு வந்து ஜூனில் நடந்த கிராண்ட் ப்ரீயில் ஜெயித்தார். ஜூலை முதல் வாரம் பாட்டியாலாவில் தேர்வு ஓட்டம். 53.55 விநாடியில் முதலாவதாக வந்தார். அவருடன் திருச்சியின் சுபா வெங்கடேசன், தனலட்சுமி சேகர் ஆகியோரும் தேர்வானார்கள். மூன்று இடத்துக்கும் தமிழ்நாட்டுப் பெண்கள்!

2021 ஜூலை 30, வெள்ளிக்கிழமை. கொரோனாவால் பார்வையாளர்களே இல்லாத ஸ்டேடியம். முதலில் கேரளாவின் முகமது அனஸ், அடுத்து ரேவதி, பிறகு சுபா, கடைசியாகத் திருச்சி மாவட்டத்தின் ஆரோக்கிய ராஜீவ். நான்கு பேரில் மூன்று பேர் தமிழர்கள். நேரம் 3 நிமிடம் 19.93 விநாடி. அந்த சீசனில் இந்திய அணியின் சிறந்த நேரம் அதுதான். ஆனால், அந்த ஹீட்ஸில் இந்தியாவுக்கு எட்டாவது இடம், அதாவது கடைசி. இறுதிக்குப் போக முடியவில்லை. தங்கம் வென்ற போலந்தின் நேரம் 3 நிமிடம் 9.87 விநாடி. பத்து விநாடி இடைவெளி. பெரிய இடைவெளிதான்.

‘இதற்குப் போய் இவ்வளவு பேச்சா’ என்று அன்றைக்கு சோஷியல் மீடியாவில் கேட்டவர்களும் உண்டு. அவர்கள் முடிவுக் கோட்டிலிருந்து அளந்தார்கள். சக்கிமங்கலம் செங்கல் சூளையிலிருந்து அளந்தால் கணக்கு வேறு மாதிரி வரும்.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படவில்லை. ரேவதியின் தங்கையும் ஓட்டக்காரர்தான். ஓட்டம் அந்த வீட்டுக்குப் பதக்கத்தை மட்டும் கொண்டுவரவில்லை. அக்கா டோக்கியோவுக்குத் தேர்வானபோது தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். தங்கைக்குச் சென்னையில் போலீஸ் வேலை. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பச் சொன்ன சொந்தக்காரர்கள் கேட்டதும் வேலையைத்தானே? பாட்டி அனுப்பத்தான் செய்தார். என்ன, கொஞ்சம் வருடம் தள்ளி.