ஊசியும் உறைபனியும்

நெடும்பயணம் புறப்படுமுன் உடலில் ஓர் அடையாளம் பொறித்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை இளைஞர் உள்ளத்தில் எழுவது இன்று நேற்று உண்டானதன்று. நங்கூரமோ, நாவாயோ, திசையறி கருவியோ, தாயின் பெயரோ, எதுவாயினும் ஆகுக. தானே எண்ணித் தானே வரைந்த சித்திரம் ஒன்றைத் தோளிலே தாங்கித் துறைமுகத்தை விட்டு நீங்குவதில் ஒரு மிடுக்கு இருக்கத்தான் செய்கிறது. அம்மிடுக்கைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும், அச்சித்திரத்தை வரைய வேண்டியவர் யார்? பயணம் போகிறவரா, போய்ச் சேருமிடத்து மக்களா? இவ்வினாவை இவ்வாரம் நேயர்களுடன் சேர்ந்து சற்று ஆராய விரும்புகிறோம். வடதுருவக் கடலுக்குச் சென்று, அங்கேயே தன் கையிற் பச்சை இட்டுக்கொண்ட ஒரு கப்பற் தலைவனின் வரலாறு இதற்கு நல்ல துணையாகும்.

கடலோடிகளுக்கும் பச்சைக்கும் உள்ள உறவு பழையது. 1769 ஆம் ஆண்டில் கப்டன் குக்கின் 'எண்டவர்' கப்பல் பசுபிக் சமுத்திரத்திலுள்ள தாகித்தித் தீவை அடைந்தது. அத்தீவினர் தம் தோலில் மையூட்டியிருந்த கோலங்களைக் கண்டு வியந்த கப்பலார் சிலர் தாமும் கையை நீட்டினர். 'தத்தாவ்' என்ற அத்தீவுச் சொல்லே பின்னர் ஆங்கிலத்தில் 'டாட்டூ' ஆயிற்று. ஐரோப்பிய மாலுமிகளிடையே அதற்கு முன்னரும் இவ்வழக்கம் இருந்ததுண்டு, சொல்தான் புதிது. மாலுமிக்கு அது வெறும் அலங்காரமுமன்று. பிரித்தானியக் கடற்படையினர் அமெரிக்க மாலுமிகளையும் பலவந்தமாகப் பிடித்துத் தம் கப்பல்களிற் சேர்த்துக்கொண்ட காலத்தில், 1796 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்கா தன் மாலுமிகளுக்குப் பாதுகாப்புப் பத்திரங்கள் வழங்கியது. அவற்றில் உயரம், நிறம் என்பவற்றுடன் கையிலிருந்த பச்சைகளும் குறிக்கப்படலாயின. பத்திரம் தொலையலாம், பச்சை தொலையாதன்றோ?

இனி நமது கதைக்கு வருவோம். 1821 ஆம் ஆண்டு மே மாதத்தில் 'பியூரி', 'ஹெக்லா' என்னும் இரு பிரித்தானியக் கப்பல்கள் வடதுருவக் கடலை நோக்கிப் புறப்பட்டன. அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து கனடாவின் வடபுறமாகப் பசுபிக் சமுத்திரத்துக்கு ஒரு கடல்வழி காண்பதே அவற்றின் நோக்கம். 'பியூரி'யின் தலைவர் எட்வர்ட் பாரி. அவரே முழுப் பிரயாணத்துக்கும் தலைவர். 'ஹெக்லா'வை நடத்தியவர் ஜோர்ஜ் பிரான்சிஸ் லயன். லயன் அப்போது இளைஞர். அதற்கு முன் அவர் கண்டது பனியன்று, மணல். சகாராப் பாலைவனத்தில் முர்சூக் நகர்வரை அராபிய உடை தரித்துச் சென்று, உடன் வந்த தலைவர் ரிச்சி அங்கே நோயுற்று இறந்தபின், நாடு மீண்டவர் அவர். சென்ற இடத்து மக்களின் உடையை உடுத்து, உணவை உண்டு, அவர்களுள் ஒருவராய் இருந்து பார்ப்பது அவரது இயல்பு. நன்றாகச் சித்திரம் வரையவும் வல்லவர். இப்பிரயாணம் பற்றிப் பாரி பின்னர் வெளியிட்ட நூலிலுள்ள படங்கள் லயன் வரைந்த சித்திரங்களைக் கொண்டே செதுக்கப்பட்டவை.

முதலாம் ஆண்டு மாரிகாலத்தில் கப்பல்கள் இரண்டும் மெல்வில் தீபகற்பத்தை அடுத்த ஒரு சிறு தீவருகே உறைபனியிற் சிக்கி நின்றன. அதற்கு 'மாரித் தீவு' என்று பொருள்படப் பெயரிட்டனர். 1822 பெப்ரவரி முதலாம் நாள், பழைய பாடநூல்கள் 'எஸ்கிமோ' என்று கூறிய இனுயிட் மக்கள் சிலர் பனிவெளியைக் கடந்து கப்பல்களை நாடி வந்தனர். அன்று தொடங்கிய நட்பு நெடுநாள் நீடித்தது. அவர்களுள் இலிக்லியுக் என்ற பெண்மணி அறிவில் மிகச் சிறந்தவள். காகிதமும் பென்சிலும் கொடுத்தபோது அவள் அக்கரையின் வடிவத்தை வரைந்து, வடக்கே சென்றால் நிலம் முடிந்து மேற்கே கடல் திறக்கும் என்று காட்டினாள். அவள் காட்டிய வழியே சென்றபோது, அவள் கூறியவாறே ஒரு நீரிணை காணப்பட்டது. அதற்கு இரு கப்பல்களின் பெயரும் இடப்பட்டன. படம் வரைந்தவள் பெயர் இடப்படவில்லை.

அந்நாட்களில் லயன் ஒரு காரியம் செய்தார். இனுயிட் பெண்களின் முகத்திலும் கைகளிலும் காணப்பட்ட நீலக் கோடுகள் எவ்வாறு இடப்படுகின்றன என்று அறிய விரும்பி, அக்கலை அறிந்த ஒரு பெண்மணியிடம் தம் கையையே ஒப்படைத்தார். கப்பலிலே சித்திரம் வல்லவர் அவர். தமக்கு வேண்டிய உருவத்தைத் தாமே எழுதிக் கொடுத்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. வரையும் உரிமையை அவளுக்கே விட்டார்.

அவள் செய்த முறை இது. லயன் கொடுத்த மெல்லிய ஊசியை வாங்கிக்கொண்டு, மானின் தசைநாரிலிருந்து ஓர் இழையைப் பல்லாற் கிழித்து நூலாக்கினாள். கற்சட்டியின் அடியில் விரலைத் தேய்த்துக் கரியை எடுத்து, அதனுடன் சிறிது எண்ணெயும் உமிழ்நீரும் கலந்து மை கூட்டினாள். திமிங்கில எலும்புத் துண்டொன்றை அதில் தோய்த்து முதலில் அவர் கையில் உருவங்களை எழுதினாள். பின்னர் நூலைக் கரியிற் புரட்டி, துணியைத் தைப்பது போலத் தோலைத் தைக்கத் தொடங்கினாள். ஒரு தையல் முடிந்த இடத்திலிருந்தே அடுத்த தையல் தொடங்கும். நூல் கடந்து செல்லும்போது புண்ணைப் பெருவிரலால் அழுத்திக்கொள்வாள். மாலுமியின் தோல் தடித்தது போலும். வேலை மெதுவாகவே நடந்தது. ஊசி ஒன்று முறிந்தும் போயிற்று. நாற்பது தையல், ஏறத்தாழ இரண்டு அங்குல நீளம் ஆனதும், 'போதும்' என்று லயன் கையை வாங்கிக்கொண்டார். அவள் எண்ணெய் தடவி, கசிந்த குருதியை நிறுத்தி வேலையை முடித்தாள். இப்பெண்கள் தம் கோலங்களுக்காகப் பொறுத்துக்கொண்ட வேதனை எத்தகையது என்பது தமக்கு அப்போதுதான் விளங்கியதென்று லயன் எழுதுகிறார். ஆறியபின் தோன்றும் இளநீல நிறம் கப்பலாட்களின் கைகளிற் காணும் நிறத்தையே ஒத்திருக்கும் என்றும் குறிக்கிறார்.

நம் பாட்டிமாரின் கைகளிற் கண்ட பச்சை குத்தியது, இதுவோ தைத்தது. இவ்வேற்றுமையிலேதான் இக்கதையின் உட்பொருள் அடங்கியிருக்கிறது. துருவப் பிரதேசத்தில் மனித உயிரைக் காப்பது ஊசி. கரிபு மானின் தோலை உரோமம் உட்புறமாக ஓர் அங்கியும், வெளிப்புறமாக மற்றோர் அங்கியுமாகத் தைத்து இரண்டையும் ஒருங்கே அணிவர். நீர் புகாத பாதணிகளைக் கடல்நாய்த் தோலினால் தைப்பர். தசைநார் நூல் நனையும்போது வீங்கி ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். ஒரு தையல் தளர்ந்தால் அவ்வழியே குளிர் புகும். புகுந்த குளிர் விரலையோ உயிரையோ கொண்டுபோகும். ஆகவே வேட்டைக்குப் போகும் ஆடவனின் உயிர் வீட்டிலிருக்கும் பெண்ணின் விரல் நுனியில் இருந்தது. பெண் பருவமெய்தி, இல்லறத்துக்கும் தையலுக்கும் தகுதி பெற்றாள் என்பதற்கு அவள் முகத்துக் கோடுகள் சான்றாக நின்றன. அங்கியைத் தைத்த அதே ஊசியும் நூலுமே அவள் தோலையும் தைத்தன.

இந்த ஊசிக்குத் தலைவணங்கியவர்கள் துருவத்தில் நன்மை அடைந்தனர். 1903 முதல் 1906 வரை 'யோவா' என்னும் சிறு கப்பலில் அவ்வடமேற்குக் கடல்வழியை முதன்முதலாகக் கடந்த நோர்வே நாட்டவரான அமுண்ட்சன், இடையிலே இரண்டு மாரிகாலங்கள் இனுயிட் மக்களின் அயலில் தங்கி, அவர்களது தோலுடையையும் நாய்வண்டி ஓட்டுதலையும் பாடங்கேட்டார். 1911 டிசெம்பர் 14 ஆம் நாள் தென்துருவத்தில் முதன்முதலாகக் கால் வைத்தபோது அப்பாடமும் அவருக்குத் துணை நின்றது.

மாணவ நேயர்கள் ஒன்று கேட்கலாம்: தோல் நாள்தோறும் உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறதே, பச்சை மட்டும் எவ்வாறு நிலைக்கிறது? உதிர்வது மேற்படை மாத்திரமே. மை தங்குவது அதன் கீழ்ப்படையில். அங்குள்ள சில உயிரணுக்கள் மையை அந்நியப் பொருளெனக் கருதி விழுங்கி வைத்துக்கொள்கின்றன. 2018 ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் எலிகளில் நடத்திய ஆராய்ச்சி இதற்கு மேலும் ஒரு விளக்கம் தந்தது. அவ்வணுக்கள் இறக்கும்போது வெளிப்படும் மையை, அவற்றின் இடத்துக்கு வரும் புதிய அணுக்கள் மீண்டும் விழுங்கிக்கொள்கின்றன. ஒரு தலைமுறை விட்டதை மறு தலைமுறை ஏற்றுக்கொள்வதனாலேயே கோலம் அழியாதிருக்கிறது.

தோலில் நிகழ்வது சமூகத்திலும் நிகழுமா? கிரீன்லாந்தில் கிலாக்கிட்சோக் என்னுமிடத்தில் 1972 ஆம் ஆண்டில், குளிரினாலும் வறண்ட காற்றினாலும் கெடாதிருந்த எட்டு உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. ஆறு பெண்கள், இரு குழந்தைகள். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவர்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத முகக் கோடுகளை அகச்சிவப்புக் கதிர்ப் படங்கள் காட்டின; அப்பெண்களுள் ஐவர் பச்சை இட்டிருந்தனர். ஐந்நூறு ஆண்டுக் குளிர் அழிக்காத அக்கோலத்தைப் பின்வந்த சிறிது காலம் கிட்டத்தட்ட அழித்துவிட்டது. மிசனரிமார் அதை அஞ்ஞானம் என்று தடுத்தனர். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளிகள் பாட்டியின் கோடுகளை நாணத்துக்குரியனவாக்கின. கனடாவின் வடபகுதியில், பழைய முறையிற் பச்சை இட்டிருந்த கடைசி மூதாட்டியும் இறந்துவிட்டார் என்ற செய்தியை 2005 ஆம் ஆண்டில் அஞ்செலா ஹொவாக் ஜோன்ஸ்டன் என்னும் இனுயிட் பெண்மணி கேள்வியுற்றார். அன்றே, தாம் பச்சை இட்டுக்கொள்வதென்றும், பிறர்க்கு இடக் கற்றுக்கொள்வதென்றும் உறுதிபூண்டார். 2016 ஆம் ஆண்டில் குக்லுக்டுக் என்னும் வடகடற்கரை ஊரில் அவரும் தோழியரும் கூடி, அவ்வூர்ப் பெண்களுக்குக் கோலமிட்டனர். அவ்வனுபவங்கள் 2017 ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தன.

அப்பெண்கள் தத்தம் முதற் பச்சையைத் தாமே சிந்தித்து அமைத்துக்கொண்டவர்கள்தாம். ஆனால் அச்சிந்தனையின் வேர் எங்கே இருந்தது என்று பாருங்கள். பாட்டியின் நெற்றிக்கோடு, தாயின் விரற்புள்ளி, தான் பெற்ற பிள்ளைகள், தான் கடந்த துயரம் ஆகியவற்றிலிருந்து அவர்கள் கோடுகளைத் தேர்ந்தனர். புதுமை வேண்டும் என்று அவர்கள் அலையவில்லை. அறுந்த நூலை முடிந்துகொண்டார்கள்.

ஆகவே, துருவத்துக்கோ வேறெந்தத் தூரதேசத்துக்கோ புறப்படும் இளைஞருக்கு நாம் சொல்லத்தக்கது இவ்வளவே. சித்திரத்தைக் காகிதத்தில் வரைக. தோலில் பொறிக்க அவசரம் வேண்டா. புதிய பச்சை என்பது ஒரு புண். அது ஆறச் சில வாரங்கள் செல்லும். உப்புநீரும் ஈரக் கம்பளியும் அதற்கு நண்பர்களல்ல. 1740 முதல் 1744 வரை உலகைச் சுற்றிய அன்சனின் கப்பல்களில், விற்றமின் 'சி' இல்லாத உணவினால் சொறிகரப்பான் கண்டவர்களின் உடலில் பல்லாண்டுகளுக்கு முன் ஆறிய தழும்புகளும் மீண்டும் வாய் திறந்தன என்பது வரலாறு. இன்றைய கப்பல்களில் அத்தீங்கு இல்லை. எனினும் உடம்பு எதையும் முற்றாக மறப்பதில்லை என்பதை நினைவிற் கொள்வது நன்று.

அந்நாட்டாரின் கோலத்தை அழகாயிருக்கிறதென்று படத்திலிருந்து பெயர்த்து எழுதிக்கொள்ளவும் வேண்டா. அக்கோடுகள் ஒரு மக்களின் குடும்பச் சொத்து. அவற்றை மீட்க அவர்கள் பட்ட பாட்டை மேலே கண்டோம். லயன் அவற்றைத் திருடவில்லை. உரியவள் கையால், அவள் முறைப்படி, அவள் கொடுத்த அளவு பெற்றார்.

'பியூரி'யும் 'ஹெக்லா'வும் தாம் தேடிய வழியைக் காணவில்லை. இலிக்லியுக் காட்டிய நீரிணையை இரு கோடைகளிலும் பனி அடைத்தே நின்றது. 1823 ஆம் ஆண்டில் அவை வெறுங்கையுடன் மீண்டன. ஆனால் 'ஹெக்லா'வின் தலைவர் முற்றிலும் வெறுங்கையுடன் மீளவில்லை. நாற்பது தையல், இரண்டு அங்குலம். பயணம் போனதற்கு அதுவே அவர் கையில் நின்ற சான்று.