'நடங்க'ன்னு சொல்றோம், எங்கே நடக்கிறது?

1.
"வாக்கிங் போங்க." அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு நாளைக்குப் பல தடவை சொல்லப்படுற வார்த்தை. சர்க்கரைக்கும் இதுதான், பிரஷருக்கும் இதுதான், முட்டி வலிக்கும் இதுதான். ஆனா எங்கே நடக்கிறதுன்னு எந்தச் சீட்டுலயும் எழுதி இருக்காது. தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும் வெச்சு இதைப் பேசணும். நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2.
நம்ம ஊர்ல நடக்க எங்கே இடம் இருக்கு? காலைல அஞ்சரைக்கு வெளியே வந்து பாருங்க. பள்ளிக்கூட மைதானம் இருந்தா அங்கே ஆம்பளைங்க. மைதானம் இல்லாத ஊர்ல மெயின் ரோட்டு ஓரம். ஒரு பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப், இன்னொரு பக்கம் காய்கறி லாரி, கார்த்திகை மார்கழின்னா சபரிமலை வண்டிகள். வெளிச்சமும் இல்ல, நடைபாதையும் இல்ல.

3.
இதுல பொம்பளைங்க எங்கே? அம்பது வயசு அம்மாவுக்கு சுகர் 280. நடக்கச் சொன்னா, "இருட்டுல எங்க சார் போறது, வெளிச்சமானா அடுப்படி வேலை"ன்னு பதில் வரும். இது சோம்பேறித்தனம் இல்ல. நடக்க இடம் இல்ல, அவ்வளவுதான். இடம் கொடுக்காம அறிவுரை மட்டும் கொடுக்கிறது, மருந்துக்கடையே இல்லாத ஊர்ல மருந்துச் சீட்டு எழுதுற மாதிரி.

4.
என் வாதம் இதுதான். தண்ணி ஓரமா, மரநிழல்ல, ஏத்தம் இல்லாம, அப்பத்தாவும் பேரனும் சேர்ந்து நடக்கிற மாதிரி ஒரு மூணு கிலோமீட்டர் பாதை ஆடம்பரம் இல்ல. ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி அதுவும் ஒரு மருத்துவ வசதி. தமிழ்நாட்டுலயே இதுக்குத் தோதான மாவட்டம் தேனி. ஆனா இங்கே அதைக் கேட்கிற ஆளைக் காணோம்.

5.
பக்கத்துலயே இருக்கிற உதாரணத்தைப் பார்ப்போம். தேக்கடி. அந்த ஏரி இயற்கையா வந்தது இல்ல. 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டினதால உருவானது. தண்ணிக்கு நடுவுல மொட்டையா நிக்கிற மரங்கள் அன்னைக்கு மூழ்கின காட்டோட மிச்சம். அந்தத் தண்ணி சுரங்கம் வழியா லோயர் கேம்ப் வந்து, மின்சாரம் ஆகி, நம்ம வயலுக்குப் பாஞ்சு, வைகை அணைக்குப் போகுது.

6.
அதனாலதான் கடையில, வீட்டுல எல்லாம் பென்னிகுவிக் படம் மாட்டி வெச்சிருக்கோம். ஜனவரி 15 அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். சந்தோஷம். ஆனா அந்த ஏரியோட கரையில நடந்தவங்க நம்மள்ல எத்தனை பேர்? குமுளி போறோம், படகுக்கு வரிசையில நிக்கிறோம், நேந்திரம் சிப்ஸும் ஏலக்காயும் வாங்கிட்டுத் திரும்பிடுறோம். கால்ல மண்ணே படுறதில்ல.

7.
படகுலயே உட்கார்ந்து யானையைத் தேடுறதுதான் 'ட்ரிப்'னு ஆகிப்போச்சு. 2009 செப்டம்பர் 30 அன்னைக்கு அதே ஏரியில படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. படகே வேண்டாம்னு சொல்ல வரல, லைஃப் ஜாக்கெட் போட்டுட்டுத் தாராளமா போங்க. ஆனா அந்த ஏரிக்கரையிலயே பெரியாறு புலிகள் காப்பகம் நடத்துற காட்டு நடை இருக்கு. பழங்குடி வழிகாட்டிகள் கூடவே வருவாங்க, சின்னச் சின்ன குழுவா கூட்டிட்டுப் போவாங்க. மழைக்காலத்துல அட்டை ஏறாம இருக்கத் துணி உறையும் கொடுப்பாங்க.

8.
அங்கே நடந்த ஒரு விஷயத்தை நாம கவனிக்கவே இல்ல. ஒரு காலத்துல காட்டுக்குள்ள திருட்டுத்தனமா வயணப்பட்டை உரிச்சவங்களையே 1990களின் கடைசியில கூப்பிட்டு, வழிகாட்டியாவும் காவலாவும் மாத்தினாங்க. 2002லிருந்து 'வசந்தசேனை'ன்னு உள்ளூர்ப் பெண்கள் கூலி வாங்காம முறை வெச்சுக் காட்டுக்குள்ள ரோந்து போறாங்க. காட்டுல நடக்கிற ஜனங்களும் காட்டைக் காக்கிற ஜனங்களும் எதிரி இல்லன்னு செஞ்சே காட்டிட்டாங்க. அது நம்ம பள்ளத்தாக்கோட விளிம்புலயே நடந்திருக்கு.

9.
இப்ப நம்ம பக்கம். வைகை அணை, மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகாநதி, மேகமலை மேல இருக்கிற நீர்த்தேக்கங்கள். இத்தனை தண்ணி, இத்தனை கரை, பின்னாடியே மலை. இதுல ஒன்னுலயாவது குடும்பத்தோட நடக்கன்னே ஒழுங்கா அமைச்ச, பேர்ப்பலகை வெச்ச, வழிகாட்டி உள்ள ஏரிக்கரைக் காட்டு நடை இருக்கா? அருவின்னா குளியல், அணைன்னா பூங்காவும் பொரிச்ச மீனும், மலைன்னா பைக் ரைடு. இதுதான் நம்ம சுற்றுலா.

10.
"குரங்கணிய மறந்துட்டீங்களா டாக்டர்?"னு கேட்பீங்க. மறக்க முடியாது. 2018 மார்ச் 11, காட்டுத்தீ, 23 உயிர். கருகின உடம்போட வந்தவங்களைத் தேனி, மதுரை அரசு மருத்துவமனைகள் பார்த்திருக்கு. ஆனா அதுல இருந்து நாம எடுத்துக்கிட்ட பாடம் தப்பு. 'காடுன்னாலே ஆபத்து, மூடு'ன்னு எடுத்துக்கிட்டோம்.

11.
அங்கே கொன்னது என்ன? மார்ச் மாசம், காய்ஞ்ச புல், செங்குத்தான சரிவு, காத்து. ஓட வழி தெரியாத இளைஞர்கள். அதுல இருந்து கத்துக்க வேண்டியது நாலு. தீக்காலத்துல போகாதே. உள்ளூர் வழிகாட்டி இல்லாம போகாதே. சரிவுல தேவையில்லாம ஏறாதே. எத்தனை பேர் உள்ளே போயிருக்காங்கன்னு கணக்கு வை. ஏரிக்கரைச் சமதள நடை இந்த நாலையும் சுலபமா கடைப்பிடிக்கக்கூடியது. ஈரமான கரையும் செங்குத்துப் புல்மலையும் ஒன்னில்ல.

12.
அரசு ஒன்னுமே செய்யலன்னும் சொல்லமாட்டேன். 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு' வந்துச்சு. 14 மாவட்டத்துல 40 பாதை, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். நல்ல விஷயம். ஆனா ஆன்லைன் பதிவு, தலைக்குச் சில நூறுல இருந்து சில ஆயிரம் வரை கட்டணம். நாலு பேர் இருக்கிற கூலிக்காரக் குடும்பம் இதுக்குள்ள வரவே முடியாது. அந்தத் திட்டம் மலையேறுறவங்களுக்கானது. நான் கேட்கிறது நடக்கிறவங்களுக்கு.

13.
சுகாதாரத்துறையும் 2023 நவம்பர்ல 'நடப்போம் நலம் பெறுவோம்'னு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை அறிவிச்சது. அதுவும் நல்ல நோக்கம்தான். ஆனா ஒரு கேள்வி. இன்னைக்கு வரைக்கும் நடக்காத, முட்டி தேய்ஞ்ச, 75 கிலோ எடையுள்ள அம்மாவை 8 கிலோமீட்டர் போர்டு கூப்பிடுமா, துரத்துமா?

14.
8 கிலோமீட்டர்னா சுமார் பத்தாயிரம் அடி. இந்தப் பத்தாயிரம் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? 1965 வாக்குல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணுற கருவி வித்தாங்க. அதோட பேருக்கே 'பத்தாயிரம் அடி அளவி'ன்னுதான் அர்த்தம். ஆராய்ச்சி முடிவு இல்ல, விற்பனைப் பேர். 2019ல அமெரிக்காவுல வயசான பெண்கள் கிட்ட செஞ்ச ஆய்வுல, தினமும் 2,700 அடி நடந்தவங்களை விட 4,400 அடி நடந்தவங்ககிட்ட இறப்பு கணிசமா குறைவு. 7,500க்கு மேல பெருசா வித்தியாசம் இல்ல.

15.
அதாவது மூணு கிலோமீட்டர் நடையே உடம்புக்குப் பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்றது வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உழைப்பு. இந்தியாவுல 10 கோடிக்கும் மேல சர்க்கரை நோயாளிகள் இருக்காங்கன்னு ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023ல சொன்னது. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குத் தேவை மாரத்தான் இல்ல. பயமில்லாம, தனியா விடப்படாம, தினமும் தொடரக்கூடிய நடை.

16.
பிள்ளைங்க பக்கமும் பாருங்க. சீனாவுல குவாங்சோ நகரப் பள்ளிகள்ல தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளியே விட்டு மூணு வருஷம் பார்த்தாங்க. கிட்டப்பார்வை புதுசா வந்த பிள்ளைங்க சுமார் 30 சதவீதம். வெளியே விடாத பள்ளிகள்ல சுமார் 40 சதவீதம். ஃபோனைப் பிடுங்கினா மட்டும் போதாது. பிடுங்கினதுக்கு அப்புறம் கூட்டிட்டுப் போக வெளிச்சமான இடம் வேணும்.

17.
"நாங்க தோட்டக்காட்டுல தினமும் நடக்கிறவங்கதான்"னு ஒரு நியாயமான பதில் இருக்கு. உண்மை. விடியுறதுக்கு முன்னாடி ஜீப்பேறி ஏலத்தோட்டம் போய், நாள் பூரா சரிவுல நிக்கிற அக்காவுக்கு உடற்பயிற்சி பாடம் எடுக்கிற தகுதி யாருக்கும் இல்ல. ஆனா அவங்க காட்டுக்குள்ள போறது மேஸ்திரி கூப்பிட்டு. பிள்ளை கையப் பிடிச்சுட்டு, எடை போடாம, கூலி கணக்கு இல்லாம ஒரு மரத்தடியில உட்கார அவங்களுக்கு உரிமை இல்லையா? ஓய்வுங்கிறது காசு இருக்கிறவனுக்கு மட்டும் எழுதி வெச்ச மருந்தா?

18.
"யானை வந்தா?" இதுவும் சரியான கேள்வி. 2023 மே மாசம் அரிக்கொம்பன் கம்பம் ஊருக்குள்ளயே வந்துச்சு. சண்முகாநதி அணைப் பக்கம் சுத்திட்டு இருந்ததும் எல்லாருக்கும் தெரியும். 2021லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமும் இருக்கு. அதனாலதான் சொல்றேன், காப்பகத்தோட உள்பகுதியில ஒரு அடி கூட வேண்டாம். வலசைப் பாதையில வேண்டாம். எந்தக் கரை, எந்த மாசம், எந்த நேரம்னு வனத்துறை முடிவு பண்ணட்டும். அவங்க "இன்னைக்கு வேண்டாம்"னா வேண்டாம்தான்.

19.
"திறந்துவிட்டா குப்பை ஆக்கிடுவாங்க, பாட்டில் உடைப்பாங்க"ன்னு சொல்றவங்களுக்கு: இப்ப மூடியிருக்கிற கரையில பாட்டில் இல்லையா? ஆள் இல்லாத கரைக்குத்தான் குடிக்க வர்றாங்க. குடும்பங்க நடக்கிற இடத்துல, உள்ளூர்ப் பெண்கள் சம்பளத்துக்குக் காவல் நிக்கிற இடத்துல, பாட்டில் தானா குறையும். கண்ணாடிச் சில்லு குத்தி வர்ற கால்ல அது சர்க்கரை நோயாளியோட காலா இருந்தா, விரலை எடுக்கிற வரைக்கும் போகலாம். இது வெறும் சுத்தம் பத்தின பிரச்சனை இல்ல.

20.
அதனால கோரிக்கை. வைகை அணையில ஆரம்பிங்க. பஸ் இருக்கு, பூங்காவுக்கு ஏற்கனவே குடும்பங்க வர்றாங்க. நீர்வளத்துறையும் வனத்துறையும் சேர்ந்து கரைக்குப் பக்கமா மூணு கிலோமீட்டர் மண் பாதை. சிமெண்ட் வேண்டாம், முட்டிக்கு மண்ணே நல்லது. நீர்மருது, புங்கன், நாவல் நடுங்க. அரை கிலோமீட்டருக்கு ஒரு திண்ணை. ரெண்டு இடத்துல பெண்களுக்கான கழிப்பறை. அது இல்லன்னா எந்த அம்மாவும் வரமாட்டாங்க, இதை எழுதியே கொடுக்கிறேன். கட்டணம் ஒரு டீ விலைக்கு மேல போகக்கூடாது.

21.
அது ஓடினா அடுத்தது மஞ்சளாறு, சோத்துப்பாறை. அங்கே ஞாயிறு காலை மட்டும், வனத்துறை வழிகாட்டியோட, எண்ணி இத்தனை பேர்னு. பளியர் குடியிருப்புகள்ல இருக்கிறவங்களுக்கு அந்த வழிகாட்டி வேலை முதல்ல போகணும். காட்டை அவங்களை விடத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. பிப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் வரைக்கும் தீக்காலத்துல பூட்டு.

22.
அது வர்ற வரைக்கும் தேக்கடி போறவங்க படகு டிக்கெட்டோட நிறுத்தாம காட்டு நடையையும் கேளுங்க. நேரம், கட்டணம், வயசு வரம்பு மாறும், கவுண்ட்டர்ல விசாரிச்சுக்கங்க. கூடவே டாக்டரா சில வார்த்தை:

இன்சுலின், சுகர் மாத்திரை எடுக்கிறவங்க வெறும் வயித்துல நடக்காதீங்க. பையில சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். படபடப்பு, வேர்வை, கை நடுக்கம் வந்தா உடனே சாப்பிடுங்க.

கால் மரத்துப்போனவங்க செருப்பில்லாம ஒரு அடி வைக்கக்கூடாது. வீட்டுக்கு வந்து உள்ளங்காலைப் பாருங்க.

அட்டை கடிச்சா பயப்படாதீங்க. நகத்தால மெதுவா தள்ளி எடுத்து, சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க. ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், நின்னுடும்.

பாம்பு கடிச்சா கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. அந்தக் காலையோ கையையோ அசைக்காம 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு வாங்க. மருந்து இங்கே இருக்கு.

நடக்கும்போது நெஞ்சு அழுத்தம், இடது கைக்குப் பரவுற வலி, மூச்சு முட்டல் வந்தா 'கேஸ்'னு சோடா தேடாதீங்க. அங்கேயே உட்காருங்க, உதவி கூப்பிடுங்க.

23.
கடைசியா. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம் நடக்குது. ரோடு கேட்கிறோம், பட்டா கேட்கிறோம், தண்ணி கேட்கிறோம். நடக்க ஒரு கரை கேட்டு மனு போடுங்க. கிராம சபையில தீர்மானமா வைங்க. ஒரு ஆள் கேட்டா சிரிப்பாங்க, அம்பது பேர் கேட்டா கோப்பு ஓபன் ஆகும்.

24.
இந்தப் பள்ளத்தாக்குல தண்ணி இருக்கு, மலை இருக்கு, மரம் இருக்கு. இல்லாதது ஒரு மூணு கிலோமீட்டர் மண் பாதை. அதைக் கொடுத்துட்டு அப்புறம் "வாக்கிங் போங்க"ன்னு சொல்லுவோம். உடன்பட்டா பகிருங்க. உடன்படலன்னா கீழே வந்து சண்டை போடுங்க, டியூட்டி முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்.