படகு தெரிகிறது, பால்வெட்டு தெரியவில்லை!

1952-ல் ‘பராசக்தி’ வந்தது. போர்க்காலத்தில் இரங்கூனிலிருந்து தாயகம் திரும்பிய தமிழன் கதை. வா என்று அழைக்க வேண்டிய தாயகம் அவனிடம் இருந்ததைப் பறித்தது. நடைபாதையில் படுக்க வைத்தது. கடைசியில் குற்றவாளிக் கூண்டிலும் ஏற்றியது. ஏறியவன் மன்னிப்பா கேட்டான்? கேள்வியல்லவா கேட்டான்! தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த தொழிலாளத் தோழன் அதைத் தன் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு வீடு திரும்பினான்.

பிறகு? ‘தெனாலி’ (2000) ஈழத்து அகதியின் அச்சத்தைச் சிரிப்பாக்கியது. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) கண்ணீராக்கியது. 2025-ல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ நல்ல படம்தான். படகேறி வந்த குடும்பத்தை ஒரு தெருவே அணைத்துக்கொள்கிறது. நாமும் கண் கலங்கினோம், மறுக்கவில்லை. ஆனால் அண்டை வீட்டார் அன்பு குடியுரிமை ஆகிவிடுமா? நம் மாவட்டத்துப் பெருமாள்புரம் முகாமைப் பாருங்கள். 2021-ல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ ஆக்கியது, பாராட்டுகிறோம். ஆனால் 2019-ல் டெல்லி நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தானை எண்ணியது, வங்கதேசத்தை எண்ணியது, ஆப்கானிஸ்தானையும் எண்ணியது. இலங்கையை மட்டும் எண்ணவில்லை! துரத்துகிற காவலரைத் திரையில் காட்டிவிடலாம். சட்டம் எழுதிய கையை யார் காட்டுவது?

இன்னொரு கூட்டம் உண்டு. அதற்குத் திரையில் இடம் கிடைப்பதே அரிது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்! சந்தையில் மாடு பிரிப்பவன்கூட மாட்டை ஒருமுறை தட்டிப் பார்ப்பான். இவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறந்த மண்ணைவிட்டு வந்தவர்களுக்குச் சர்க்கார் வைத்த பெயர், ‘தாயகம் திரும்பியோர்’.

அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1984-ல் அரசு ரப்பர் கழகம் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு வந்தது. கீரிப்பாறையிலும் மணலோடையிலும் விடியுமுன் விளக்கோடு மரத்துக்கு மரம் நடக்கிறார்களே, அவர்களிடையே அந்த வழி வந்தவர்கள் இருக்கிறார்கள். மழை வலுத்தால் வெட்டு நிற்கும். கூலி உயர்வு கேட்டுப் பலமுறை வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். குமரிக் கடலையும் சூரியோதயத்தையும் படம்பிடிக்க வரும் கேமராக்கள், சில கல் தொலைவு மலையேறினால் போதும். கூலிப் பேச்சுவார்த்தை மேசையில் அந்தத் தொழிலாளி கேட்பதை அப்படியே எழுதி எடுத்தால் வசனம் தயார்!