ஸ்மார்ட் வாட்ச்: ஷிப்ட் போகிற கைக்குப் பொருந்துமா?

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் இருக்கிறது மணிமங்கலம். விடியற்காலையில் இங்கே கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது மணியைத்தான். பஸ்ஸை விட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு!

இன்று 2,000 ரூபாய்க்குள்ளேயே ஸ்மார்ட் வாட்ச் கிடைக்கிறது. வாங்கும் முன், முதலில் வந்த வாட்ச்கள் எங்கே சறுக்கின என்று பார்த்துவிடலாம்.

கேமராவும் தங்கமும்

2013 செப்டம்பரில் சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி கியர் வந்தது. விலை கிட்டத்தட்ட 23,000 ரூபாய். அதன் பட்டையில் ஒரு கேமரா! பார்க்க ஜோர்தான். ஆனால், பல தொழிற்சாலைகளில் கேமரா உள்ள எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. இந்த வாட்ச்சும் போனோடு சேர்ந்து லாக்கருக்குப் போயிருக்கும்.

2015-ல் ஆப்பிள் வாட்ச் வந்தது. இந்தியாவில் ஆரம்ப விலை 30,900 ரூபாய். சார்ஜ் 18 மணி நேரம் நிற்கும் என்றது நிறுவனம். காலை 5 மணிக்குக் கட்டினால் இரவு 11-க்குக் கதை முடிந்தது. 10,000 டாலரில் தொடங்கும் தங்க மாடலும் இருந்தது. நம் வீட்டுத் தங்க வளையல் பேத்தி கைக்கும் போகும். அந்தத் தங்க வாட்ச்சுக்கோ, 2018-ல் வந்த புதிய மென்பொருளே கிடைக்கவில்லை!

தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு முயற்சி நடந்தது. ஓசூரில் வாட்ச் தயாரிக்கும் டைட்டன், ஹெச்.பி நிறுவனத்துடன் சேர்ந்து 2016 ஜனவரியில் 'ஜக்ஸ்ட்' வாட்ச்சைக் கொண்டுவந்தது. வழக்கமான முள் வாட்ச். அதற்குள்ளேயே கால், மெசேஜ் காட்ட ஒரு சின்னத் திரை. கல்யாணத்துக்கும் கட்டிப் போகலாம். ஆனால், விலை 15,995 ரூபாயில் தொடங்கியது.

போன் லாக்கரில், வாட்ச் கையில்

அழகு இருக்கட்டும், அவசரத்துக்கு உதவுமா? குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன் வருகிறது. அப்பாவின் போன் கேட் பக்கத்து லாக்கரில். அவரோ உள்ளே லைனில். புளூடூத் சுமார் 10 மீட்டர் வரைதான் எட்டும். அதைத் தாண்டினால் வாட்ச்சுக்குச் செய்தி வராது. தனி சிம் வசதி இல்லாத இன்றைய பல வாட்ச்களுக்கும் இதே கதைதான். தவிர, சுழலும் மெஷின் பக்கத்தில் எந்த வாட்ச்சும் கட்டக் கூடாது. கார் பாடியில் கீறல் விழும் என்பதால் அசெம்பிளி லைனிலும் கழற்றச் சொல்வார்கள். அதனால், வாட்ச்சை நம்பாமல், கம்பெனி செக்யூரிட்டி அல்லது சூப்பர்வைசரின் நம்பரை வீட்டில் எழுதி வையுங்கள்.

ஜெயித்தது எது?

இந்தக் கைக்குப் பொருந்தியது, பார்க்க பிளாஸ்டிக் பொம்மை போலிருந்த 'பெபிள்'. 2012-ல் இணையத்தில் பொதுமக்களிடமே ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டி உருவான வாட்ச் அது. ஒருமுறை சார்ஜ் செய்தால் ஒரு வாரம் வரை நிற்கும். உச்சி வெயிலிலும் திரை தெரியும். முக்கியமாக, சத்தமே இல்லாமல் கையில் அதிர்ந்து எழுப்பும் அலாரம்!

ஒரே அறையில் குடும்பமே படுத்திருக்கும் வீட்டில், பக்கத்தில் தூங்கும் குழந்தையை எழுப்பாமல் விடிகாலை 4 மணிக்கு எழ வேண்டியவருக்கு அதுதான் பெரிய உதவி. பெபிள் நிறுவனம் 2016-லேயே மூடப்பட்டது. ஆனால், அந்த வசதி இன்றைய மலிவு வாட்ச்களிலும் இருக்கிறது.

கடைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள்: சார்ஜ் எத்தனை நாள் நிற்கும்? வெயிலில் மணி தெரியுமா? சத்தமில்லாமல் எழுப்புமா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், அப்புறம் கலரைப் பாருங்கள்!