வேட்டி வாங்கியவரும் மோர் கொடுத்தவரும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் வயிற்றுப் பேத்தி கோவையிலிருந்து வெள்ளகோவிலுக்கு வந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். இந்த ஆண்டு விளம்பரமும் செய்தி மடலும் அவள் பொறுப்பாம். "அப்புச்சி, நீங்களும் அந்தக் காலத்துல இதே வேலைதான் பார்த்தீங்களாமா? அம்மா சொன்னாங்க" என்று கேட்டுக்கொண்டே கைபேசியை நீட்டினாள்.

ஒரு படம். நடுவில் ஒரு பாட்டி. இரண்டு பக்கமும் ஏழெட்டு மாணவ மாணவிகள். ஒரே ஒரு சேலையை எல்லோரும் சேர்ந்து பிடித்திருக்கிறார்கள். எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். பாட்டி மட்டும் தரையைப் பார்க்கிறார்.

"நல்லா இருக்குதுங்களா அப்புச்சி? இதையே முன்பக்கத்துல போடலாம்னு இருக்கேன்."

"கொஞ்சம் பொறு கண்ணு" என்றேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-இல் தொடங்கியது. காந்தி நூற்றாண்டு ஆண்டு அது. அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு தொடங்கி வைத்தார். 'நான் அல்ல, நீ' என்பதுதான் அதன் குறிக்கோள் வாசகம். நான் கல்லூரியில் சேர்ந்தபோது அதற்குப் பத்து வயதுகூட ஆகவில்லை.

தமிழ் கொஞ்சம் நன்றாக எழுதுவேன் என்பதால் செய்தி மடல் என் தலையில் விழுந்தது. நான்கு பக்கம், சைக்ளோஸ்டைல். மெழுகுத் தாளைத் தட்டச்சு இயந்திரத்தில் ரிப்பன் படாமல் அடிக்க வேண்டும். தலைப்பை ஊசி எழுதுகோலால் கீற வேண்டும். பிழை வந்தால் சிவப்புத் திரவம் தடவி, ஊதிக் காயவைத்து, மறுபடி அடிக்க வேண்டும். முந்நூறு பிரதி உருட்டி முடிப்பதற்குள் சட்டையெல்லாம் மை. ஆனாலும் 'ஆசிரியர்' என்று என் பெயரை அச்சில் பார்த்தபோது வந்த பெருமை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

1978-ஆம் ஆண்டு கடைசியில் பத்து நாள் சிறப்பு முகாம். இடம், எங்கள் ஊருக்குத் தெற்கே மூலனூர் போகும் பக்கம் ஒரு சிற்றூர். அப்போது இதெல்லாம் கோவை மாவட்டம்தான். வாய்க்கால் தூர் வாரினோம், மரக்கன்று நட்டோம். கடைசி நாள், நன்கொடையாக வந்த வேட்டி சேலைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அடுத்த மடலில் நான் எழுதினேன். ஒரு பெரியவரின் பெயரைப் போட்டு, 'வறுமையில் வாடும் இன்னாருக்கு நம் தொண்டர்கள் வேட்டி வழங்கியபோது அவர் கண்கள் பனித்தன' என்று. கண் பனித்ததை நான் பார்க்கவில்லை. எழுதினால் நன்றாக இருக்கும் என்று எழுதினேன். மடலின் ஒரு பிரதி அந்த ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் போயிற்று. யாரோ அதைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள்.

பொங்கல் விடுமுறையில் நான் வீட்டில் இருந்தபோது ஒருவர் சைக்கிளில் வந்தார். அந்தப் பெரியவரின் மகன். காங்கயத்தில் அரிசி ஆலையில் வேலை. கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

"ஏனுங்க தம்பி, எங்கப்பன் உங்ககிட்ட வேட்டி வேணும்னு கேட்டாருங்களா?"

"இல்லீங்க."

"வீட்டுக்கு வந்த பசங்க ஆசையாக் குடுக்கறாங்க, வேண்டாம்னு சொல்லப்படாதுன்னு வாங்கியிருக்கறாரு. அதுக்கு முன்னால பத்து நாளும் உங்களுக்கெல்லாம் எங்க வீட்டு மோருதானுங்க. அதை ஒரு வரி எழுதலீங்களே?"

எனக்குப் பதில் வரவில்லை. கொளுத்தும் வெயிலில் மண் வெட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு நாள்தோறும் ஒரு பானை மோர் வந்தது உண்மை. குடித்த நானே அதைச் செய்தியாக நினைக்கவில்லை. நாங்கள் கொடுத்தது மட்டும் செய்தி, வாங்கியது செய்தி இல்லை. தவறு கல்லூரியுடையது அல்ல, திட்டத்துடையதும் அல்ல. பேனா என் கையில் இருந்தது.

அடுத்த வாரமே மன்னிப்புக் கேட்க அந்த ஊருக்குப் போனேன். பெரியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் நட்ட கன்றுகளைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். பாதிக்கு மேல் ஆடு தின்றிருந்தது, மீதி காய்ந்து நின்றது. "மார்கழியில நட்டா எப்படீங்க பொழைக்கும்? ஐப்பசி மழையில நடோணும். சுத்தியும் கிளுவை போட்டிருந்தா ஆடு வந்திருக்காது" என்றார். கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, கொரங்காட்டில் காங்கயம் மாடு மேய்த்த மனிதர். மழை குறைந்த பூமியில் மரத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர். அவரிடம் நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையில் வேட்டியைத் திணித்துவிட்டு வந்துவிட்டோம்.

என் கருத்து இதுதான். சேவை அமைப்பின் செய்தி மடல், கொடுத்ததைப் பறைசாற்றும் இடம் அல்ல. கொடுத்தது என்ன ஆயிற்று என்று திரும்பிப் போய்ப் பார்த்து எழுதும் இடம். வாங்கியவரின் முகமும் பெயரும் அவருடைய சொத்து. அவர் மனசார விரும்பினால் ஒழிய அதை எடுக்க நமக்கு உரிமை இல்லை. நாம் பெற்றுக்கொண்டதையும், அது ஒரு பானை மோராக இருந்தாலும், கணக்கில் எழுத வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு என்பதும் தெரியும். படம் இல்லாவிட்டால் நன்கொடையாளர் நம்ப மாட்டார். புதிய மாணவர்கள் சேர மாட்டார்கள். இன்றைக்குக் கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் 'நாக்' அமைப்பு இத்தகைய பணிகளுக்கும் மதிப்பெண் தருகிறது, அதற்குச் சான்று வேண்டும். எல்லாம் நியாயம்தான். ஆனால் தூர் வாரிய வாய்க்காலைப் படம் எடுங்கள். வேலை செய்கிற மாணவர்களை எடுங்கள். எத்தனை ரூபாய் வந்தது, எதற்குச் செலவாயிற்று என்று பைசா சுத்தமாகப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தை இன்னொரு படம் எடுங்கள். தலை குனிந்து நிற்கிற ஒரு பாட்டியின் படத்தைவிட நன்கொடையாளருக்கு இது பெரிய சான்று.

நூற்றாண்டு கொண்டாடித் திட்டத்தைத் தொடங்கினார்களே, அந்தக் காந்தியும் ஒரு பத்திரிகைக்காரர்தான். 1903-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் முதலில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. வாசகர்கள் எழுதிய கடிதங்கள், அவரைக் குறை சொன்னவை உட்பட, தமக்குப் பாடமாக இருந்தன என்று தம் சுயசரிதையில் சொல்கிறார். நம் மடல்களில் ஊர்க்காரர் பேசுவதற்கு அரைப் பக்கமாவது விடுகிறோமா?

நான் விட்டேன், தாமதமாக. அடுத்த மடலில் காய்ந்துபோன கன்றுகளைப் பற்றியும் மோரைப் பற்றியும் எழுதினேன். பொறுப்பில் இருந்த ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. "நம்மை நாமே குறை சொல்லிக்கொள்வதா?" என்றார். ஆனாலும் அடுத்த முறை கன்றுகளைக் குறைத்து, ஐப்பசியிலேயே போய், முள் வேலியோடு நட்டோம். அதில் இரண்டு வேம்பு இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொள்வேன்.

பேத்தி எல்லாவற்றையும் கேட்டாள். "அப்ப இந்தப் படத்தை என்ன பண்றதுங்க?" என்றாள். "என்னைக் கேட்காதே சாமி, அந்தப் பாட்டியைப் போய்க் கேள்" என்றேன்.

நேற்று இரவு போன் செய்தாள். பாட்டி படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "அதுக்குப் பதிலா, எங்க தெருவுல ரெண்டு மாசமா லைட்டு எரியலைன்னு எழுது கண்ணு" என்றாராம். இந்த முறை முன்பக்கத்தில் அந்த விளக்குக் கம்பம்தான் வருகிறது.